இடைப்பலகாரம் போல ஒரு பேப்பர்

காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடை. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "செல்போன் வந்துச்சு, சாயங்காலப் பேப்பர் போச்சு. அவ்வளவுதாண்ணே." நானும் தலையாட்டிவிட்டேன். எழுந்து நடக்கும்போதுதான் உறைத்தது. அவர் வாழைக்காய் பஜ்ஜியை எண்ணெய் ஒற்றியதே அன்றைய மாலைப் பேப்பரில்தான். ஆக, அது போகவில்லை, மெலிந்திருக்கிறது.

செல்போன்மேல் பழி போடுவதும் பாதிதான் சரி. அமெரிக்காவில் 'வாஷிங்டன் ஸ்டார்' என்ற பெரிய மாலை நாளிதழ் 1981 ஆகஸ்டில் நின்றது. பிலடெல்பியா நகரத்து 'பல்லட்டின்' 1982 ஜனவரியில் கடையை மூடியது. கையடக்கச் செல்போன் அங்கே விற்பனைக்கு வந்ததே 1983இல்தான். கொலை நடந்த பிறகு ஊருக்கு வந்தவனைப் பிடித்துக் குற்றவாளி என்றால் எப்படி?

மாலைப் பேப்பர் என்ற சரக்கு எப்படி வேலை செய்தது என்பது தெரிந்தால், ஏன் மெலிந்தது என்பது தானாகவே விளங்கிவிடும்.

## மாலைப் பேப்பர் மாலையில் அச்சாவதில்லை

செட்டிநாட்டு வீடுகளில் இடைப்பலகாரம் என்று ஒரு வழக்கம் உண்டு. காலைப் பலகாரமும் இல்லை, ராத்திரிச் சாப்பாடும் இல்லை. நடுவில் பசிக்கிற நேரத்துக்கு ஒரு வெள்ளைப் பணியாரம், ஒரு கந்தரப்பம். அதன் ருசியே சூட்டில்தான் இருக்கிறது. நான்கு மணிக்குத் தட்டில் வந்தால் இன்னும் இரண்டு கேட்போம். அதே பணியாரம் ஏழு மணிக்கு வந்தால், "சாப்பிடுற நேரத்துல எதுக்கு?" என்போம். பணியாரம் ஒன்றும் கெட்டுப்போயிருக்காது. அதற்கான பசி தீர்ந்திருக்கும்.

மாலைப் பேப்பரும் அப்படித்தான். காலைப் பேப்பர் சாப்பாடு, மாலைப் பேப்பர் இடைப்பலகாரம். இரண்டு வேளைக்கு நடுவில் வரும் பசியை நம்பி நடந்த வியாபாரம் அது.

பலர் தடுக்கி விழும் இடம் அடுத்தது. பெயரில் மாலை இருப்பதால் மாலைவரை நடந்ததெல்லாம் அதில் இருக்கும் என்று நினைக்கிறோம். நான்கு மணி டீயோடு காரைக்குடிக்காரர் கையில் பேப்பர் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு, பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றரைக்கு ஏஜெண்ட் கட்டைப் பிரித்தால்தான் நான்குக்குள் கடைகளுக்குப் போய்ச் சேரும். மதுரையிலிருந்து மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். ஒரு மணி வாக்கில் கட்டு பஸ் ஏற வேண்டும். அதற்கு முன் அச்சடித்து, எண்ணி, ஊர்வாரியாகக் கட்ட வேண்டும். அப்படியானால் ஆசிரியர் குழு கடைசிச் செய்தியை வைத்துப் பக்கத்தை முடிப்பது பதினொன்றரை, மிஞ்சிப்போனால் பன்னிரண்டு. இதைத்தான் 'பக்கம் மூடும் நேரம்' என்கிறோம். அதற்குப் பிறகு மதுரை வீதியில் யானையே ஓடினாலும் அன்றைய பேப்பரில் வராது.

கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று உள்ளே போகப் போக இன்னொரு பஸ், இன்னொரு முக்கால் மணி நேரம். திருச்சியில் அச்சாகும் பேப்பரை எடுத்துக்கொண்டாலும் இதே கணக்குதான். அங்கிருந்தும் நாம் ஏறக்குறைய அதே தூரம். இரண்டு பக்கமும் அச்சகத்துக்குக் கடைக்கோடி என்பது செட்டிநாட்டின் தலையெழுத்து.

சுருக்கமாகச் சொன்னால், மாலைப் பேப்பர் என்பது காலைச் செய்தியை மாலையில் கொண்டுவந்து கொடுக்கும் பேப்பர்.

## எந்த நேரத்தில் நடந்தால் யாருக்கு லாபம்

காலைப் பேப்பருக்கும் பக்கம் மூடும் நேரம் உண்டு. வெளியூர்ப் பிரதிகளுக்கு அது முன்னிரவு, அச்சகம் உள்ள ஊருக்கு நள்ளிரவு தாண்டி. அங்கே கதவு மூடியதிலிருந்து மாலைப் பேப்பரின் கதவு மூடும்வரை ஒரு பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருக்கிறது. அதை 'செய்தி இடைவெளி' என்று வைத்துக்கொள்வோம். மாலைப் பேப்பரின் சொந்த நிலம் அதுதான்.

சில நாட்களை எடுத்துப் பார்த்தால் பிடிபடும். நீல் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தது நம் கடிகாரப்படி 1969 ஜூலை 21, காலை 8.26. காலைப் பேப்பர் எல்லாம் அதற்குள் விற்று முடிந்திருக்கும். 1984 அக்டோபர் 31 அன்று பிரதமர் இந்திரா காந்தி சுடப்பட்டது காலை ஒன்பதேகால், ஒன்பதரை வாக்கில். எம்.ஜி.ஆர். காலமானது 1987 டிசம்பர் 24 விடியலுக்கு முன். மூன்றும் செய்தி இடைவெளிக்குள் கச்சிதமாக விழுந்தவை. மறுநாள் காலைவரை காத்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கும்? இந்திரா காந்தி இறந்துவிட்டார் என்பதை அகில இந்திய வானொலி அன்று மாலையில்தான் உறுதியாகச் சொன்னது. அதுவரை ஊர் முழுக்கக் காதோடு காதாக ஒரு பேச்சு. அப்படிப்பட்ட ஒரு நாளில் அச்சில் நாலு வரி எவ்வளவு பெரிய விஷயம் என்று இன்றைய பிள்ளைகளுக்கு விளக்குவது கொஞ்சம் கஷ்டம்.

மாறாக, 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கட்டடத்தில் முதல் விமானம் மோதியது நமக்கு மாலை 6.16. அன்றைய மாலைப் பேப்பர் அதற்குள் பொட்டலக் காகிதம் ஆகிவிட்டது. அந்தச் செய்தி முழுக்க மறுநாள் காலைப் பேப்பருக்குச் சொந்தம்.

இதில் திறமைக்கு இடம் குறைவு. சம்பவம் எந்த மணிக்கு நடந்ததோ, அதற்கேற்றபடி லாபம் இவருக்கோ அவருக்கோ போகும்.

## வளர்ந்த கதை

மேலை நாடுகளில் மாலைப் பேப்பரை வளர்த்தவர்கள் ஆலைத் தொழிலாளிகள். விடியலில் சங்கு ஊதியதும் ஓடுகிறவனுக்குக் காலைப் பேப்பர் படிக்க ஏது நேரம்? வேலை முடிந்து டிராமிலோ ரயிலிலோ வீடு திரும்பும்போது கை சும்மா இருக்கும். வீட்டில் விளக்கு வெளிச்சமும் வந்துவிட்டது. தந்திக் கம்பி வந்ததால் காலையில் நடந்ததை அன்றைக்கே அச்சிலும் ஏற்ற முடிந்தது. இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்தபோது சந்தை உருவானது. 1950இல் அமெரிக்காவில் மாலை நாளிதழ்கள் 1,450, காலை நாளிதழ்கள் வெறும் 322. ஆமாம், தலைகீழாகப் படிக்கவில்லை. அந்தக் காலத்தில் பேப்பர் என்றாலே அங்கே மாலைப் பேப்பர்தான்.

நம் பக்கம் 1868இல் தொடங்கிய 'மெட்ராஸ் மெயில்' மாலையில் வந்த ஆங்கில நாளிதழ். அது 1981வரை ஓடியது. தமிழில் பெரிய அளவில் வழி போட்டது ஆதித்தனார் குடும்பம். 1942இல் மதுரையில் 'தினத்தந்தி'யைத் தொடங்கியவர் சி.பா. ஆதித்தனார். பெயரிலேயே தந்தி இருப்பதைக் கவனியுங்கள், வேகம்தான் சரக்கு என்று அப்போதே சொல்லிவிட்டார். 1959இல் திருநெல்வேலியில் 'மாலை முரசு' பிறந்தது. 1977இல் 'மாலை மலர்'.

காரைக்குடிக்கும் அச்சுக்கும் பழைய உறவு உண்டு. 1920களிலேயே 'ஊழியன்', 'குமரன்' போன்ற இதழ்கள் இங்கிருந்து வெளிவந்தன. பக்கத்துக் கோட்டையூர்க்காரரான ஏ.கே. செட்டியார் ரங்கூனுக்குப் போய் 'தனவணிகன்' இதழுக்கு ஆசிரியராக இருந்தார். இவ்வளவு இருந்தும் மாலைப் பேப்பருக்கு நாம் மதுரையையும் திருச்சியையும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. வார இதழும் மாத இதழும் தபாலில் நிதானமாகப் போகலாம், அவற்றுக்குத் தூரம் ஒரு பொருட்டில்லை. நாளிதழுக்கு அப்படி முடியாது. பெரிய அச்சு எந்திரம் வேண்டும், அதற்குத் தீனி போடப் பெரிய நகரத்து விற்பனை வேண்டும்.

ஆலைச் சங்கு இங்கே பெரிதாக இல்லை. நம் ஊரில் மாலைப் பேப்பரைத் தாங்கியது டீக்கடை, முடிதிருத்தும் கடை, கட்சிப் படிப்பகம். மத்தியானத் தூக்கம் முடிந்து முகம் கழுவிக்கொண்டு வருகிற நேரம். நகரத்தார், அதாவது செட்டியார் வீட்டுத் திண்ணைகளில், கொண்டுவிக்க (வியாபாரத்துக்கு) என்று போன ஊர்களிலிருந்து திரும்பி வந்துவிட்ட ஐயாக்கள் இருந்தார்கள். தங்கம் விலை என்ன, ரங்கூன் சேதி என்ன, கொழும்பில் என்ன கலவரம் என்று வயசான காலத்திலும் கணக்குப் பார்க்கிற மனசு. காலையில் அறிவிக்கும் தங்கம் விலை அன்றைக்கே அச்சில் கிடைத்த ஒரே இடம் மாலைப் பேப்பர்.

## மாதக் கணக்குப் பாலும் கண்ணாடி டம்ளர் டீயும்

காலைப் பேப்பர், பால் வாங்குவது போல. மாதக் கணக்கு. நேற்றுத் தலைப்பு சுவாரசியம் இல்லை என்று யாரும் இன்று நிறுத்துவதில்லை. மாலைப் பேப்பர் டீ போல. ஒவ்வொரு நாளும் புதிதாகக் காசு எடுக்க வைக்க வேண்டும்.

இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால், மாலைப் பேப்பரில் நமக்குப் பிடிக்காத பல விஷயங்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். கொட்டை எழுத்துத் தலைப்பு, கள்ளக்காதல், கத்திக்குத்து, பாதி சொல்லிப் பாதி மறைக்கும் வாசகம். கடை முன்னால் கயிற்றில் தொங்கும் தாளுக்கு 'போஸ்டர்' என்று பெயர், அதாவது அன்றைய தலைப்பை மட்டும் அச்சடித்துக் கடைக்கு இலவசமாகக் கொடுக்கும் விளம்பரத் தாள். ஓடுகிற பஸ்ஸின் சன்னல் வழியாக இரண்டு விநாடி பார்க்கிறவரை இறக்கிவிட வேண்டியது அதன் வேலை. "பிரபல நடிகர் திடீர்..." என்று அதில் இருக்கும். திடீர் என்ன என்று வாங்கிப் பார்த்தால் திடீர்ப் பயணம். நானும் பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

விற்காமல் நின்றால் நஷ்டம் யாருக்கு? மிஞ்சிய பிரதிகளை ஏஜெண்ட் திருப்பி அனுப்புவதற்கு 'ரிட்டர்ன்' என்று பெயர். காலைப் பேப்பரில் வீட்டுக்கு இத்தனை என்று தெரிந்துவிடுவதால் ரிட்டர்ன் குறைவு. மாலைப் பேப்பரில் அது தினமும் ஒரு சூதாட்டம். மழை பெய்தால் போச்சு. பஸ் திருப்பத்தூரில் ஒரு மணி நேரம் நின்றால் போச்சு.

சில நாட்களில் மட்டும் கட்டு பிரியும் முன்பே காலியாகும். லாட்டரிக் குலுக்கல் முடிவு அவற்றில் ஒன்று. இன்னொன்று பரீட்சை முடிவு.

என் அக்கா பிளஸ் டூ எழுதிய வருஷம். முடிவு வரும் நாளில் இரண்டு மணியிலிருந்தே பஸ் நிலையத்தில் கூட்டம். பஸ் உள்ளே திரும்பும்போதே நாலு பேர் கூரை மேல் ஏறிவிட்டார்கள். எங்களுக்குப் பேப்பர் கிடைக்கவில்லை. டீக்கடையில் ஒரு பிரதி இருந்தது, அதைச் சுற்றி முப்பது தலை. பக்கம் முழுக்கப் பாசிப்பயறு கொட்டியது போலப் பொடி எண்கள். தேறியவர்களின் எண்களை மட்டும்தான் போடுவார்கள். உங்கள் எண்ணுக்கு முந்தினது இருந்து, பிந்தினது இருந்து, உங்களுடையது இல்லை என்றால் விஷயம் முடிந்தது. கூட்டத்தில் குனிந்து நுழைந்து தேடினால், எங்கள் வரிசை இருந்த தாளை மட்டும் யாரோ கிழித்துக்கொண்டு போயிருந்தார்கள்! அக்கா திண்ணையில் உட்கார்ந்து ராத்திரிவரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எட்டரை மணிக்கு எதிர்வீட்டு மாமா தேவகோட்டையிலிருந்து ஒரு பேப்பரோடு வந்தார். மை கையில் ஒட்டியது. எண் இருந்தது.

செய்தி இடைவெளியில் பசி எவ்வளவு பலமோ, அவ்வளவு விற்பனை. பசி இல்லாத சாதாரண நாட்களுக்குத்தான் போஸ்டர்.

## அடி விழுந்த இடங்கள்

முதல் அடி தொலைக்காட்சி. அமெரிக்காவில் மாலை ஆறரை மணிக்கு வீட்டுக் கூடத்திலேயே செய்தி ஓடத் தொடங்கியதும் இடைப்பலகாரப் பசி அடங்கிவிட்டது. அதோடு ஆலை வேலை குறைந்து அலுவலக வேலை கூடியது. டிராமில் போனவர் சொந்தக் கார் ஓட்டினார். ஸ்டியரிங்கைப் பிடித்த கையில் பேப்பர் எப்படி இருக்கும்? நகரம் விரிய விரிய மத்தியான நெரிசலில் பேப்பர் வண்டி சிக்கிக்கொண்டது. காலைப் பேப்பர் வண்டிக்கு அந்தத் தொல்லை இல்லை, விடியற்காலை மூன்று மணிக்குச் சாலையில் யார் இருக்கிறார்கள்? 1950இல் 1,450 ஆக இருந்த மாலை நாளிதழ்கள் 2000இல் 727 ஆயின. காலை நாளிதழ்கள் 766 ஆகி முந்திக்கொண்டன. பலர் மூடவில்லை, மாலையிலிருந்து காலைக்கு மாறிக்கொண்டார்கள்.

விளம்பரமும் இடம் மாறியது. பேப்பரின் விலை அதை அச்சடிக்கும் செலவுக்கே காணாது, மிச்சத்தை ஈடுகட்டுவது விளம்பரம்தான். ஜவுளிக்கடைக்காரர் எதைப் பார்ப்பார்? காலையில் வீட்டுக்குள் போய் ஆச்சி கையிலும் பிள்ளைகள் கையிலும் நாள் முழுக்கப் புரளும் பேப்பரா, டீக்கடையில் இரண்டு மணி நேரம் உயிர்வாழும் பேப்பரா? ஒரு பிரதியை முப்பது பேர் படித்தாலும் கணக்கில் வருவது ஒரு பிரதி விற்பனைதான். டீக்கடை வாசிப்பு ஊருக்கு நல்லது, பேப்பர்காரருக்கு அவ்வளவு நல்லதல்ல.

இதெல்லாம் செட்டிநாட்டுக்கு வந்து சேரக் கொஞ்சம் தாமதம் ஆனது. சென்னையில் தூர்தர்ஷன் 1975இல் வந்தாலும், நம் பக்கத்து வீட்டுக் கூரைகளில் ஆன்டெனா பெருகியது 1980களின் பின்பாதியில். 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியது. பிறகு கேபிள் வழியே நாள் முழுக்கச் செய்தி. 2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது, அது 1969, 1984 நாட்களைப் போலவே மாலைப் பேப்பருக்கென்றே விழுந்த நேரம். ஆனால் மதியத்துக்குள் ஊரே கூடத்தில் உட்கார்ந்து டிவியில் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நடுவில் நம் ஊருக்கே உரிய இரண்டு அடிகள். 2003 ஜனவரியில் தமிழக அரசு லாட்டரிச் சீட்டைத் தடை செய்தது. குடும்பங்களுக்கு அது நல்லதுதான், எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் முடிவு பார்க்கவென்றே பேப்பர் வாங்கியவர்கள் அதோடு நின்றார்கள். பரீட்சை முடிவும் இணையத்துக்குப் போனது. முதலில் பிரவுசிங் சென்டர் வாசலில் கூட்டம், அப்புறம் குறுஞ்செய்தி, இப்போது வீட்டிலிருந்தபடியே மதிப்பெண் பட்டியல்.

செல்போனிலேயே செய்தி படிக்கும் காலம் வந்தது இதற்கெல்லாம் பிறகு. 2016க்குப் பின் இணையம் மலிந்து, வாட்ஸ்அப் கைக்குக் கை போனதும், மிச்சமிருந்த செய்தி இடைவெளியும் நிமிடக் கணக்கில் சுருங்கியது. லண்டனில் 'ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்' 2009 அக்டோபரில் விலையையே விட்டுவிட்டு இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. 2024 செப்டம்பரில் நாளிதழை நிறுத்தி, பெயரிலிருந்த 'ஈவ்னிங்'கையும் உதறி வாரப் பதிப்பாகிவிட்டது.

ஆக, பசியை முதலில் அடக்கியது டிவி. விற்பனை நாட்களைப் பறித்தது லாட்டரித் தடையும் இணைய முடிவும். செல்போன் பாத்திரத்தைக் கழுவி வைத்தது.

## பிறகு ஏன் இன்னும் வருகிறது?

இந்தக் கேள்வியை எங்கள் பக்கத்து ஏஜெண்டிடமே கேட்டேன். "கடைக்காரங்க வாங்குறாங்க தம்பி" என்றார். "டீ குடிக்க வர்றவருக்குக் கையில ஏதாச்சும் வேணும்ல? போனுல சார்ஜு தீந்தா பேப்பர்தான்." கட்டு முன்பு இடுப்பளவு வரும், இப்போது ஒரு கையால் தூக்கிவிடுகிறார். நூலை அறுத்து எண்ணுவதற்குள் அவர் டீகூட ஆறுவதில்லை.

இன்னொரு காரணம் அவர் சொல்லாதது. நாளின் நடுவில் எழுதி, திருத்தி, அவசரமாகப் பக்கம் மூடும் பழக்கம் இணையத்துக்கு மிகவும் பொருந்தியது. இணையத்தில் எல்லா நேரமும் செய்தி இடைவெளிதான். மாலை மலர் இன்று பலருக்கும் ஓர் இணையதளமாகத்தான் பழக்கம். பேப்பரை வாங்கிப் பார்த்தே இராத பிள்ளைகள் அதன் பெயரைச் சரியாகச் சொல்கிறார்கள்.

இன்று விடியற்காலை ஐந்தரைக்கு என் போன் சிணுங்கியது. எடுத்துப் பார்த்தால் மாலை மலர். தெருவில் காலைப் பேப்பர் போடும் பையன் இன்னும் வந்திருக்கவில்லை.